“போரடிக்குது” என்றால் பதறாதீர்கள்: குழந்தையைத் தானாக விளையாட விடுவது எப்படி?

இது 3 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கான முறை. காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

1. பொருள்கள்

ஓரம் குத்தாமல் உப்புத்தாளில் தேய்த்த கொட்டாங்குச்சி 6, மூடியுள்ள டப்பா 4, துணி கிளிப் 20, பழைய பருத்திப் புடவையில் ஒன்றரை மீட்டர் துண்டு இரண்டு, எவர்சில்வர் கரண்டி ஒன்று, பெரிய அட்டைப்பெட்டி ஒன்று. பெட்டியில் உள்ள பின்களைப் பிடுங்கிவிடுங்கள்.

இப்படி இன்னதுக்குத்தான் என்றில்லாத உதிரிப் பொருள்கள் எவ்வளவு வகை வகையாகக் கிடைக்கின்றனவோ, அவ்வளவுக்குப் புதிதாக யோசிக்க இடமிருக்கும் என்று பிரிட்டிஷ் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதினார். பேட்டரி பொம்மையில் ஒரு பட்டன், ஒரு பாட்டு. இரண்டு நாளில் அலுத்துவிடும். மரச் சொப்பு பரவாயில்லை. ஆனால் சமையலறையிலிருந்து வரும் நிஜக் கரண்டிக்கு முன்னால் அதுவும் நிற்காது.

கயிறு ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். புடவைத் துண்டை ஜன்னல் கம்பியில் கட்டவும் விடாதீர்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ளும். கூடாரம் கட்ட கிளிப் போதும். பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் குன்றிமணியை வீட்டில் எந்த வயதுக் குழந்தைக்கும் எட்டாமல் வையுங்கள், அது விஷம். வீட்டில் 3 வயதுக்குக் கீழே இன்னொரு குழந்தை இருந்தால் புளியங்கொட்டை, சோழி, பட்டன் எதுவும் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

2. இடம்

நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற மூலை. தனி அறை வேண்டாம். குழந்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்களைத் தேடி வந்துவிடும். பழைய பெட்ஷீட்டை விரித்து அதன் மேல் கொட்டுங்கள். முடிந்ததும் நாலு முனையையும் சேர்த்துத் தூக்கினால் சுத்தம்.

3. முதல் 20 நிமிடம்

எல்லாரும் கோட்டை விடுவது இங்கேதான்.

சாப்பாடு, தூக்கம், பாத்ரூம் மூன்றும் முடிந்த நேரமாகப் பாருங்கள். காலை 10 மணி தோது. முதலில் 10 நிமிடம் பக்கத்தில் சும்மா உட்காருங்கள். பிறகு “நான் பீன்ஸ் நறுக்கப் போறேன், இங்கேதான் இருப்பேன்” என்று சொல்லிவிட்டு எழுந்திருங்கள். சொல்லாமல் நழுவினால் அடுத்த நாள் புடவையைப் பிடித்துக்கொண்டு விடாது.

கொஞ்ச நேரத்தில் “போரடிக்குது” வரும். அலுப்பு முற்றித்தான் விளையாட்டு பிறக்கும். அந்த நேரத்தில் யோசனை சொன்னால் காரியம் கெட்டது. “வீடு கட்டேன்” என்றால் ஒரு வீடு கட்டும், பிறகு “அடுத்து என்ன?” என்று வந்து நிற்கும். “அப்படியா கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு நறுக்கிக்கொண்டே இருங்கள். சிணுங்கல் இருக்கட்டும், உண்மையான அழுகை என்றால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

ஆரம்பித்துவிட்டதா? “சூப்பர்!”, “என்ன செய்யறே?” இரண்டுமே வேண்டாம். போட்டோவும் வேண்டாம். பார்க்கிறார்கள் என்று தெரிந்த நொடியில் விளையாட்டு நின்று நடிப்பு தொடங்கும்.

உங்கள் கையில் செல்போன் இருக்கக் கூடாது. காய் நறுக்கும் அம்மாவைப் பார்த்துக் குழந்தை பொறாமைப்படாது. போன் பார்க்கும் அப்பாவிடம் கட்டாயம் வந்து நிற்கும்.

4. நேரம்

முதல் வாரம் 10 நிமிடம் ஓடினாலே வெற்றி. தினமும் ஒரே நேரத்தில் விடுங்கள், தானாக நீளும். அலுத்த பொருள்களில் பாதியைப் பரணில் போட்டு இரண்டு வாரம் கழித்து இறக்குங்கள்.

பின்சேர்க்கை

அடுக்குமாடியில் டைல்ஸ் மேல் கொட்டாங்குச்சிச் சத்தம் கீழ்வீட்டுக்குக் கேட்கும். பெட்ஷீட்டுக்கு அடியில் சாக்கு ஒன்றை இரண்டாக மடித்துப் போடுங்கள்.

தண்ணீர் விளையாட்டு என்றால் மட்டும் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள், பக்கெட்டில் அரையடித் தண்ணீரே ஆபத்து.

பாட்டி நடுவில் வந்து “இப்படி அடுக்குடா” என்று சொல்லிக்கொடுத்தால் தடுக்க முடியாது. அவருக்கும் ஒரு முறம் முருங்கைக்கீரை கொடுத்துவிடுங்கள், ஆய்ந்து முடிக்க அரை மணி ஆகும்.