சுகர் இருக்கிறதா? ராத்திரி படுக்கும் முன் காலைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் சுகர் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ் நான். பலரும் சொல்வது, “வலியே இல்ல சிஸ்டர், அதான் விட்டுட்டேன்.” அந்த வலியில்லாமைதான் எனக்குப் பயம்.

சர்க்கரை பல வருஷம் கூடியே இருந்தால் நரம்பும் கெடும், நரம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற பொடிக் குழாய்களும் கெடும். நீளமான நரம்புக்குத்தான் முதல் அடி. அதனால் கால்விரலில் ஆரம்பிக்கும்: ராத்திரி எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்தல். அப்புறம் எரிச்சல் தானாக நின்றால் குணமாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். உணர்ச்சியே போயிருக்கலாம்.

தோட்டத்துக்குப் போய்வந்த அண்ணாச்சி ஒருவருக்குச் செருப்பைத் துளைத்து உடைமுள் ஏறி, குதிகாலுக்குள் முறிந்து நின்றது. அவருக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து மதினிதான் கேட்டிருக்கிறார்கள். நான் முள்ளை நோண்டி எடுக்கும்போதும் அவர் வாழைத்தார் விலையைப் பேசிக்கொண்டே இருந்தார்.

ஆகவே கால் சொல்லாததைக் கண்தான் பார்க்க வேண்டும். நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, தரையில் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாத ஆச்சிக்குப் பேத்தி பார்க்கட்டும். விரல் இடுக்கை விரித்து, வெள்ளையாக ஊறியிருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், ஒரு கால் மட்டும் சூடாக இருப்பது எதையும் விடாதீர்கள். தேங்காய் எண்ணெய் தடவலாம், விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். காலாணியை பிளேடால் சீவவே கூடாது.

செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், வீட்டுக்குள்ளும் போடுங்கள். மரத்துப்போன காலுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு நல்லது. வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலில் ஊற்றுங்கள். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களே, உணர்ச்சி குறைந்த காலோடு தார் ரோட்டில் வெறுங்காலாக நடக்காதீர்கள். பஸ்ஸில் வந்தாலும் முருகன் ஏற்றுக்கொள்வான்.

வருஷத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது. மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையைப் பல வருஷமாகச் சாப்பிட்டால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் மதமதப்பு வரும். போன உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் மேற்கொண்டு கெடுவது குறையும்.

சின்னப் புண் தெரிந்தாலும் மஞ்சள் பத்து போட்டுக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.