ஆறு குரூப், மூன்று செயலி, ஒரு நோட்டு

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். புதிதாக வரும் தங்கைகள் கேட்பது ஒன்றுதான்: "இத்தனை பதிவையும் எப்படிக்கா சமாளிக்கிறீங்க?"

முதலில் வாட்ஸ்அப்பைச் சரி செய்யுங்கள். போன வருஷம் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்திக்கு ரத்த அழுத்தம் 150/100 என்று குரூப்பில் வந்த செய்தி, காலை வணக்கப் படங்களுக்கும் கூட்ட அறிவிப்புகளுக்கும் அடியில் போய்விட்டது. மாலையில்தான் பார்த்தேன். நல்லபடியாகப் பெற்றெடுத்தாள், ஆனாலும் அன்று வயிறு கலங்கியது இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து எங்களுக்குள் ஒரு விதி: அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் என்றால் செய்தி போடக் கூடாது, போன் செய்ய வேண்டும். மற்ற குரூப்களை மியூட் செய்துவிட்டு மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை பார்த்தால் போதும்.

அப்புறம், நோட்டை விட்டுவிடாதீர்கள். நடவு நேரத்தில் பெண்கள் வயலில்தான் இருப்பார்கள், வரப்பில் சிக்னல் கிடைக்காது. ஒரு தாய்க்கு ஒரு பக்கம். மேல் மூலையில், கர்ப்பிணிகளைப் பதியும் அரசு இணையதளமான பிக்மியின் 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய்-சேய் நலப் பதிவு எண்), குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கு அதுதான் வேண்டும். தேசிய சுகாதாரக் கணக்கான ஆபாவின் 14 இலக்க எண்ணோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பக்கத்திலேயே, ஓடிபி வருவது மாமியார் போனிலா, கணவர் போனிலா என்றும் எழுதுங்கள்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போடும்போது செல்லைத் தொடாதீர்கள். போட்ட பிறகு குழந்தையை அரை மணி நேரம் உட்கார வைப்போமே, பதிவை அப்போது ஏற்றிக்கொள்ளலாம்.