நிலவியல் படித்தவர் கல்லூரி முதல்வராவது எப்படி?

பள்ளிப் பாடநூலில் புவியியல் என்பது ஆறு, மழை, பயிர் பற்றிய படிப்பு. அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறையிலோ அதே சொல் பாறையையும் கனிமத்தையும் குறிக்கிறது. குழப்பம் வேண்டாம் என்பதால் பாறை, கனிமம் பற்றிய படிப்பை இங்கே நிலவியல் என்றே எழுதுகிறேன்.

முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடும், அதனுடன் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ இருந்தால் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். எனினும் முதல்வர் பதவிக்கு முனைவர் பட்டம் கட்டாயம் என்பதால் அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கொங்கு நாட்டில் இருப்பவர் ஆய்வுக்களம் தேடி அலைய வேண்டியதில்லை. சேலத்து மேக்னசைட், கஞ்சமலை இரும்புத்தாது, காங்கேயத்தை அடுத்த சிவன்மலையின் நெபிலின் சயனைட் (syenite) பாறை என எல்லாம் பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ளன. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியின் அனார்த்தசைட் என்ற பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதைத் தூளாக்கித்தான் சந்திரயான்-2 கலத்தின் சோதனைக்கான செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ உருவாக்கியது. அந்த வெண்ணிறக் கல்லை முதன்முதலாகப் பார்க்கும் மாணவர் சுண்ணாம்புக்கல் என்றே சொல்வார். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைத்துப் பொங்கும், இது பொங்காது. விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் அந்தச் சொட்டு விழும்வரை பொறுத்திருக்கும் ஆசிரியரே பிற்காலத்தில் துறைக் கூட்டத்திலும் பிறரைப் பேசவிடுவார் என்பது என் கணிப்பு.

களப்பயணப் பொறுப்பை யாராவது ஏற்கச் சொன்னால் மறுக்க வேண்டாம். நாற்பது மாணவர்களுக்குப் பேருந்து அமர்த்துவது, குவாரிக்காரரிடம் அனுமதி வாங்குவது, மாணவியர் தங்குமிடத்தை நேரில் பார்ப்பது, ரசீதுகளை ஒட்டிக் கணக்கு முடிப்பது ஆகியவற்றைச் செய்து பழகியவருக்கு முதல்வர் அறையில் புதிதாக இருப்பது நாற்காலி மட்டுமே.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள்படி, முதல்வராக வேண்டியவர் பேராசிரியராகவோ இணைப் பேராசிரியராகவோ இருந்து, 15 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவமும், சக அறிஞர்கள் மதிப்பிட்ட இதழ்களில் 10 கட்டுரைகளும், 110 ஆய்வு மதிப்பெண்ணும் பெற்றிருக்க வேண்டும். நிலவியலாளர் சறுக்குவது இந்த மதிப்பெண்ணில்தான். அறிவியல் கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் 8. ஆனால் களம், நுண்ணோக்கி, வேதிப்பகுப்பு என்று நான்கைந்து பேர் சேர்ந்து எழுதும்போது கட்டுரையின் முதல் ஆசிரியருக்கோ இதழுடன் தொடர்பு கொள்ளும் ஆசிரியருக்கோ 70 விழுக்காடும், மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் 30 விழுக்காடுமே கிடைக்கும். யார் பெயர் முதலில் வரும் என்பதை மாதிரி சேகரிக்கப் புறப்படும்முன்பே பேசி முடித்துவிடுங்கள். அச்சான பிறகு பேசினால் நட்பும் போகும், மதிப்பெண்ணும் வராது.

அரசுக் கல்லூரிகளில் பணிமூப்பும் பதவி உயர்வுமே வழி. உதவிபெறும் கல்லூரிகளில் நிர்வாகம் அமைக்கும் தேர்வுக்குழுவைச் சந்திக்க வேண்டும். முதல்வரின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள், மதிப்பீட்டுக்குப் பின் இன்னொரு முறை நீட்டிக்கலாம். எனவே பணி ஆணை, கட்டுரைப் பிரதி, களப்பயண அனுமதிக் கடிதம் ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரே கோப்பில் முதல் நாளிலிருந்தே சேர்த்து வையுங்கள். களக்குறிப்பேட்டில் இடமும் தேதியும் எழுதும் பழக்கம் இருப்பவருக்கு இது கடினமல்ல.