ஊரில் ஒருவர் “ஒரு கோல் எடுக்கலாமோ?” என்று கேட்டால்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் வவுனியா பஸ் தரிப்பிடத்திலோ, கொழும்பு கோட்டை றெயில் நிலையத்திலோ, குறிகட்டுவான் இறங்குதுறையிலோ நிற்கும்போது முன்பின் தெரியாத ஒருவர் வந்து கேட்கக்கூடும்: “தம்பி, ஒரு கோல் எடுத்துத் தருவியளோ?” பெரும்பாலும் அது உண்மையான தேவைதான். கடைசிப் படகைத் தவறவிட்ட அம்மா வீட்டுக்குச் சொல்ல வேண்டும். தேத்தண்ணிக்கு நிறுத்திய இடத்தில் இரவு பஸ் விட்டுவிட்டுப் போனவர் நடத்துநரைப் பிடிக்க வேண்டும். போனில் ரீலோட் காசு முடிந்த பள்ளிக்கூடப் பிள்ளை தகப்பனைக் கூப்பிட வேண்டும். இவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது நல்லதல்ல. ஆனால் திறந்த போனை அப்படியே கையில் கொடுக்கவும் வேண்டாம். போனை உங்கள் கையில் வைத்துக்கொண்டு அழைப்பை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.

“நம்பரைச் சொல்லுங்கோ அம்மா, நான் அடிச்சுத் தாறன்” என்று சொன்னாலே பாதி விடயம் தெளிந்துவிடும். தேவை உள்ளவர் உடனே நம்பரைச் சொல்வார், அல்லது மடித்து வைத்த துண்டை எடுத்து நீட்டுவார். வேறு எண்ணத்தோடு வந்தவர் “நானே அடிக்கிறன்” என்பார், “வட்ஸ்அப்பிலதான் எடுக்கவேணும்” என்பார், “கொஞ்சம் தள்ளிப் போய்க் கதைக்கிறன்” என்பார். போனைத் தன் கையில் வாங்குவதிலேயே குறியாக நிற்பவருக்கு இல்லை என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

அடிக்கும் முன் நம்பரைக் கவனியுங்கள். இலங்கை நம்பர் 0 இல் தொடங்கிப் 10 இலக்கம் வரும். கைபேசி என்றால் 07, யாழ்ப்பாணத்து வீட்டு நம்பர் என்றால் 021, வவுனியா 024, மட்டக்களப்பு 065, கொழும்பு 011. வெளிநாட்டுச் சிம்மில் அடிப்பதானால் முதல் 0 ஐ விட்டு முன்னால் +94 போட வேண்டும். வேறு நாட்டுக் குறியீட்டில் தொடங்கும் நம்பருக்கு அடிக்க வேண்டாம். செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. நட்சத்திரக் குறியிலோ (*) சதுரக் குறியிலோ (#) தொடங்கும் எதையும், கேட்டு வந்தவர் எவ்வளவு சொன்னாலும், அடிக்கக் கூடாது. *21* என்று தொடங்கி ஒரு நம்பரோடு # இல் முடிந்தால், உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம் அந்த நம்பருக்குத் திரும்பிவிடும். குரல் அழைப்பில் வரும் வங்கிக் குறியீடும் அதோடு போய்விடும்.

அழைப்பு போனதும் ஸ்பீக்கரைப் போட்டு நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள். முதலில் எதிர்முனையில் பேசுபவரிடம், “இது அவவின்ர போன் இல்லை, பக்கத்தில நிக்கிற ஆள், இந்த நம்பருக்குத் திரும்ப எடுக்காதேங்கோ” என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் கிளம்பி இரண்டு மணித்தியாலம் கழித்தும் “அம்மா நிக்கிறாவோ?” என்று அழைப்பு வந்துகொண்டிருக்கும்.

காது சரியாகக் கேளாத முதியவர்களுக்குச் சந்தை இரைச்சலில் ஸ்பீக்கர் உதவாது. போனைக் கையில் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே பக்கப் பொத்தானை அமர்த்தித் திரையைப் பூட்டிவிட்டுக் கொடுங்கள். அவர் கையில் இருப்பது பூட்டிய போனும் ஓடிக்கொண்டிருக்கும் அழைப்பும் மட்டும்தான். இதற்கு இரண்டு ஆயத்தம் வேண்டும். ஐபோனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் தொடுகைப் பகுதியில், பூட்டும்போது அழைப்பு துண்டிக்கப்படுவதைத் தடுக்கும் தெரிவு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அன்ட்ரொயிட்டில் பவர் பொத்தானால் அழைப்பை முடிக்கும் தெரிவு போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பிறகு, பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மறையுங்கள். பயணம் புறப்படும் முன் வீட்டில் இன்னொரு போனுக்கு அடித்து ஒருதரம் சோதித்துப் பார்ப்பது நல்லது.

உள்ளடக்கத்தை மறைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏமாற்றுபவர் உங்கள் போனில் தன் கூட்டாளியின் நம்பருக்கு அடிக்கிறார். உங்கள் நம்பர் அங்கே விழுகிறது. கூட்டாளி அந்த நம்பரைத் தன் போனில் வட்ஸ்அப்பில் பதிகிறார். 6 இலக்கக் குறியீடு உங்கள் போனுக்கு வருகிறது, இவர் திரையைப் பார்த்தபடியே அதைச் சொல்லிவிடுகிறார். அடுத்த நிமிடம் ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கும் லண்டனில் இருக்கும் சித்தப்பாவுக்கும் “அவசரம், காசு போடுங்கோ” என்று உங்கள் பெயரில் செய்தி போகும். ஊருக்குப் போனவருக்குத் திடீரென்று காசு தேவைப்படுவது நம்பக்கூடியது என்பதால், சொந்தக்காரர் யோசிக்காமலே அனுப்பிவிடுவார்கள். இதைத் தடுக்க வட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஒரு இரகசிய இலக்கம் வையுங்கள். குறியீடு மட்டும் தெரிந்தவர் அதைத் தாண்ட முடியாது.

எங்களைக் கேட்டால், இவ்வளவு கவலையும் தேவையில்லாத வழி ஒரு பழைய பட்டன் போன்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கடவுச்சீட்டைக் காட்டி வாங்கும் உள்ளூர்ச் சிம்மை அதில் போடுங்கள். வங்கிக் குறியீடு வரும் வெளிநாட்டுச் சிம்மும் வட்ஸ்அப்பும் மற்றப் போனில் பையின் உள்ளறைக்குள் இருக்கட்டும். பட்டன் போனில் ஒருவர் கதைத்துவிட்டுத் தந்தால் போவது சில ரூபாய்தான். ஆனால் அந்தச் சிம்மும் உங்கள் கடவுச்சீட்டில்தான் பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து போன அழைப்பு பற்றி விசாரணை வந்தால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள். ஆகவே நம்பரை நீங்களே அடிக்கும் வழக்கம் இதிலும் மாறக் கூடாது. பயணம் முடியும்வரை அழைப்புப் பட்டியலை அழிக்கவும் வேண்டாம்.

“என்ர சிம்மை உங்கட போனில போட்டு நம்பரைப் பாக்கட்டோ?” என்று கேட்பவரும் உண்டு. உங்கள் சிம் வெளியே வர வேண்டியிருப்பதால் அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் போனில் தன் முகநூலைத் திறக்கக் கேட்பதும், உங்கள் வங்கிக் கணக்கில் காசு வாங்கித் தரச் சொல்வதும் அப்படித்தான். இப்படியான நேரங்களில் பக்கத்துக் கொமினிகேசன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் 100 ரூபாய்க்கு ரீலோட் போட்டுக் கொடுப்பது இரு பக்கத்துக்கும் சுகம். தனியாகப் பயணிக்கும் பெண்கள் தங்கள் நம்பர் தெரியாத ஆணிடம் போய்ச் சேருவதை விரும்பாவிட்டால், கேட்டவரை நடத்துநரிடமோ கடைக்காரரிடமோ அனுப்பலாம். அதில் குறை ஏதுமில்லை.

விபத்தோ மயக்கமோ என்றால் போன் கொடுப்பதா என்ற பேச்சே இல்லை. நீங்களே 1990 க்கு அடியுங்கள். 2016 இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கி 2018 இல் வடக்குக்கும் வந்த சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். பொலிசுக்கு 119.

எங்கே நின்று உதவுகிறீர்கள் என்பதும் முக்கியம். வீதியோரத்தில் போனை நீட்டினால் மோட்டார் சைக்கிளில் வருபவர்கள் பறிப்பது சுலபம். பூட்டாத போன் என்றால் அவர்களுக்கு இரட்டை இலாபம். கடைக்குள்ளோ சுவரோரத்திலோ நின்று கொடுங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயில் வீதிகளில் இருக்கும் நெரிசலில் போனை வெளியே எடுக்காமல் இருப்பதே நல்லது.

தவறிக் கொடுத்துவிட்டீர்கள், மனம் உறுத்துகிறது என்றால் அந்த இடத்திலேயே *#21# அடித்து அழைப்புத் திருப்பல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ##002# எல்லாவற்றையும் நீக்கும். வட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களைத் திறந்து தெரியாத எதையும் வெளியேற்றுங்கள். கணக்கே பறிபோயிருந்தால் உங்கள் நம்பரால் மறுபடி பதிந்து புதுக் குறியீட்டைக் கொடுத்தவுடன் மற்றவர் வெளியே போய்விடுவார். அவர் இரகசிய இலக்கம் வைத்திருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் காத்திருக்க நேரும். அதற்கிடையில் சொந்தக்காரருக்கு வேறு வழியில் சொல்லிவிடுங்கள்.

போனே பறிபோனால் கூட வந்தவரின் போனிலிருந்து தொலைந்த நிலையை (தூரத்திலிருந்தே போனைப் பூட்டும் வசதி) இயக்கிப் பூட்டுங்கள், வெளிநாட்டுச் சிம் நிறுவனத்துக்கு அடித்துச் சிம்மை நிறுத்துங்கள், பிறகு கிட்டிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். அங்கே போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் கேட்பார்கள். *#06# அடித்தால் வரும் அந்த எண்ணைப் புறப்படும் முன்பே கடதாசியில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைத்திருங்கள். முறைப்பாட்டுப் பிரதியைக் கேட்டு வாங்காமல் நிலையத்தை விட்டு வெளியே வராதீர்கள், பயணக் காப்புறுதிக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.