மூலையில் நிற்கிற பிடிகாரன்: வன்னிக் கழகங்களுக்கு ஒரு கபடிக் கையேடு

கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் அனுப்பும் வீடியோக்களில் பனி ஹொக்கியின் 'என்ஃபோர்சர்' என்ற ஆளைப் பார்த்திருப்பீர்கள். கோல் அடிப்பது அவர் வேலையில்லை. தன் அணியின் கெட்டிக்காரனை எவராவது இடித்தால் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு அடிபிடிக்குப் போவதுதான் வேலை. பிலடெல்பியா அணியின் டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 பருவத்தில் மட்டும் 472 தண்டனை நிமிடங்கள் வாங்கினார். சண்டைக்கு 5 நிமிடம் வெளியே. இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் போய் இருப்பதால் அணிக்கு ஆள் குறைவதில்லை.

எங்கள் ஊர்களில் அந்தச் சுபாவமுள்ள பெடியன் கபடிக்கு வந்தால் நேரே மூலையைத்தான் கேட்பான், அதாவது பின் எல்லையருகே ஓரத்தில் நின்று, எதிரணியிலிருந்து பாடி வருபவரைப் பிடிக்கும் இடத்தை. பார்க்கிறவர்களுக்கும் அவனை அங்கே விட ஆசை. ஆனால் கபடியின் கணக்கு வேறு. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம் வெளியே, சிவப்புக்கு ஆட்டமே முடிந்தது. அந்த 2 நிமிடமும் ஓராள் குறைவாக நிற்கவேண்டியது உங்கள் அணிதான். கோபக்காரனை மூலையில் விடுவது எதிரணிக்குப் புள்ளி எழுதிக் கொடுப்பதற்குச் சமம். பொறுமையும் தொடைப் பலமும் உள்ளவனைத் தேடுங்கள்.

உயரம் பெரிய விசயமில்லை. ஆளைத் தெரிய ஒரு சோதனை போதும். அரைக் குந்தில், குதிக்கால் நிலத்தில் பட, முதுகு நேராக 60 செக்கன் இருக்கச் சொல்லுங்கள். பிறகு அதே குந்தில் பக்கவாட்டாக 8 மீற்றர் போய் வரட்டும், ஐந்து தரம். கால் குறுக்கே விழுந்தாலோ இடுப்பு மேலெழுந்தாலோ அவன் இன்னும் மூலைக்கு ஆயத்தமில்லை. நிறையையும் இப்போதே பாருங்கள். அனைத்துலகப் போட்டிகளில் ஆண்கள் 85 கிலோவுக்கும் பெண்கள் 75 கிலோவுக்கும் மேல் போக முடியாது.

தரை

வன்னியில் கூடுதலான காயம் எதிரணியால் வருவதில்லை, கிறவலால் வருகிறது. ஆண்களுக்கான களம் 13 மீற்றருக்கு 10, பெண்களுக்கு 12க்கு 8. அந்த இடம் முழுவதையும் மண்வெட்டியால் அரை அடிக்குக் கொத்தி, கல்லையும் நெருஞ்சி முள்ளையும் அரித்தெடுங்கள். களிமண் கூடிய இடமென்றால் ஆற்றுமணல் கலக்கவேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் சீமெந்துபோல் இறுகிவிடும். முதல்நாள் பின்னேரம் தண்ணீர் தெளித்து விடுங்கள். காலையில் தெளித்தால் மேல் மண் மட்டும் சேறாகி, பிடித்த கணுக்கால் கைக்குள்ளால் வழுகிப் போகும். மாரியில் வெளிக்களத்தை மறந்துவிட்டு, கொட்டகைக்குள் காற்பலமும் கைப்பலமும் செய்யலாம். சிராய்ப்பைச் சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் கொண்டு கழுவவேண்டும். ஏற்புத் தடுப்பூசி எப்போது போட்டது என்பது கழகக் கொப்பியில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே இருக்கட்டும்.

நிற்கும் இடம்

ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீற்றரில் தொடுகோடு, அதிலிருந்து 1 மீற்றரில் மேலதிகப் புள்ளிக்கான போனஸ் கோடு. போனஸ் கோட்டுக்கும் பின் எல்லைக்கும் இடையில் 1.75 மீற்றர்தான். மூலைக்காரனின் வீடு அதுதான். பின்காலுக்கும் எல்லைக்கும் நடுவே ஒரு பாதம் இடைவெளி விடுங்கள். அதைவிடக் குறைத்தால் பாய்வதற்குக் காலை ஊன்றும்போது கோட்டை மிதித்து, எவரும் தொடாமலே வெளியே போகவேண்டி வரும். லொபி என்ற 1 மீற்றர் பக்கப் பட்டையிலும் கவனம் வேண்டும். பாடி வருபவர் ஆரையாவது தொட்ட பிறகு, அல்லது பிடிபட்ட பிறகுதான் அது களத்தின் பகுதியாகும். அதற்கு முன்னே கால் வைத்தால் அவுட். உள்ளூர் ஆட்டங்களில் இப்படிப் போகிற புள்ளிகள்தான் கனக்க.

பார்வை அவர் முகத்தில் இருக்கக்கூடாது. முகமும் கையும் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. பாதத்தை ஓரக்கண்ணால் பாருங்கள்.

கணுக்கால் பிடி

போனஸ் எடுக்க வருபவர் ஒரு காலைக் கோட்டுக்கு அப்பால் வைக்கும்போது பின்கால் நிலத்தில் பட்டிருக்கக்கூடாது. அதாவது அந்தக் கணத்தில் அவர் முழு நிறையும் ஒற்றைக் காலில். மூலைக்காரன் காத்திருக்க வேண்டியது அந்த அரைச் செக்கனுக்காகத்தான். (களத்தில் ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் செல்லும். ஐந்து பேராகிவிட்டால் இந்தக் கணம் வராது, கால் நீட்டித் தொட வரும்போது பிடிக்கவேண்டும்.)

கால் ஊன்றியதும் முன்னங்காலால் உந்தித் தாழப் பாயுங்கள். தலை அவர் காலுக்கு வெளிப்பக்கம், தோள் கெண்டைக்காலோடு. இரண்டு கையும் கணுக்காலைச் சுற்றவேண்டும், ஒரு கை மற்றக் கையின் மணிக்கட்டைப் பிடிக்கவேண்டும். விரல்களைக் கோத்துப் பிடிக்க விடவே விடாதீர்கள், அவர் உதறும்போது சுண்டுவிரல்தான் முதலில் முறியும். பிடித்ததும் காலை நெஞ்சுக்கு இழுத்து, நிலத்திலிருந்து உயர்த்துங்கள். உயராத கால் தள்ளிக்கொண்டு போகும்.

பிடித்தவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த பிழை. ஆறடி ஆள் விழுந்தாலும் இழுத்துக்கொண்டு போய்க் கை நீட்டி நடுக்கோட்டைத் தொடுவார். கவர் நிற்பவர், அதாவது மூலைக்காரனுக்குத் துணையாக உள்ளே நிற்கும் பிடிகாரர், அதே மூச்சில் வந்து இடுப்பைக் கட்டவேண்டும். இதைச் சோடியாகவே பழக்குங்கள்: ஒரு நாளைக்கு 10 பாய்ச்சல் கொண்ட மூன்று சுற்று, சுற்றுகளுக்கு நடுவே 2 நிமிட ஓய்வு, கிழமைக்கு மூன்று நாள். அதற்கு மேல் போனால் தோள் தாங்காது. முதல் இரண்டு கிழமையும் ஆளில் பழகவேண்டாம். கிழிந்த உழவு இயந்திர டியூப்பைத் துண்டாக வெட்டி, உமியும் மணலும் அடைத்து, இரு முனையும் கட்டினால் காலுக்குப் பதில் அது போதும். 20 கிலோ அளவில் இருக்கட்டும்.

கைப்பலத்துக்கு மணல் நிரப்பிய பெயின்ற் வாளிக்குள் விரல்களை விட்டுத் திருகுவது நல்லது. கழுத்தை மறக்கிறார்கள். உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் 10 செக்கன் எதிர்த்துத் தள்ளவேண்டும். பின்னுக்கும் இரு பக்கமும் அப்படியே, ஐந்து தரம்.

செய்யக்கூடாதவை சில. வாயைப் பொத்துவது, கழுத்தை நெரிப்பது, இரண்டு காலாலும் கத்தரிபோல் பூட்டுவது எல்லாம் குற்றம். உடுப்பிலோ மயிரிலோ பிடித்து இழுக்கவும் கூடாது. நகத்தை ஒட்ட வெட்டுங்கள், கைச்செயின், மோதிரம், காப்புக் கயிறு எல்லாம் கழற்றவேண்டும். உடம்பில் எண்ணெய் பூசி வந்தால் மத்தியஸ்தர் திருப்பி அனுப்பலாம்.

தலை

தலை உள்ளுக்குப் போனால் முழங்கால் நெற்றியில் மோதும். மூலைக்காரனின் ஆபத்து இதுதான், இந்த இடத்தில் இரக்கம் பார்க்காதீர்கள். அடிபட்டவன் தடுமாறினால், புள்ளி எத்தனை என்று தெரியாமல் முழித்தால், தலை சுற்றுது என்றால், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை. இறுதிப் போட்டியென்றாலும் இல்லை. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, கண்மணி ஒன்று பெரிதாக இருப்பது, வலிப்பு, கைகால் சோர்வு, தூங்கி விழுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். கழுத்து நோகுது என்றால் ஆளைத் தூக்கவேண்டாம், அசைக்கவும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோகும் பழக்கம் உயிர் எடுக்கும்.

ஒன்றும் பெரிதில்லை என்று மருத்துவர் சொன்னாலும் முதல் ஒன்றிரண்டு நாள் இளைப்பாறல். பிறகு நடை, மெதுவான ஓட்டம், ஆள் தொடாத பயிற்சி, பிடிப் பயிற்சி, ஆட்டம். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது வேண்டும், பிடிப் பயிற்சிக்கு முன் மருத்துவரின் அனுமதி வேண்டும். தலையிடி திரும்பினால் ஒரு படி இறங்குங்கள்.

ஹொக்கிக்காரர் இதைப் படித்தது பெரிய விலை கொடுத்து. டெரெக் பூகார்ட் 277 ஆட்டங்களில் 3 கோல்தான் அடித்தார், மற்றதெல்லாம் முட்டிச் சண்டை. 2011 மே மாதம், 28 வயதில், வலிக்குளிசையும் மதுவும் சேர்ந்து அவரைக் கொன்றன. திரும்பத் திரும்ப அடிவாங்கியதால் வரும் மூளைச் சிதைவு அவருக்கு இருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். ஆகவே ஆட்டத்துக்கு முன் இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு இறங்குகிறவனைக் கண்டால் கெட்டிக்காரன் என்று தட்டிக் கொடுக்காதீர்கள். எங்கே நோகிறது என்று கேளுங்கள்.

எத்தனை வருசம்

நன்றாகப் பார்த்துக்கொண்டால் மூலைக்காரனுக்குப் பாடுபவரைவிட நீண்ட ஆயுள். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் 40 தாண்டியும் இந்தியாவின் புரோ கபடித் தொடரில் நின்றார். ஈரானின் ஃபசல் அத்ராச்சலி இடது மூலையில் நின்றே 2018 ஏலத்தில் இந்திய ரூபாயில் ஒரு கோடி வாங்கினார். அது எல்லாருக்கும் வராது. இங்கே கபடியை மட்டும் நம்பிச் சம்பளம் இல்லை என்பதைப் பெடியனுக்கும் அவன் தாய் தகப்பனுக்கும் முதலே சொல்லிவிடுங்கள். உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு உத்தியோகத்தர், மத்தியஸ்தர் என்று போகலாம். பல்கலைக்கழக அனுமதியிலும் விளையாட்டுக்கு விசேட ஏற்பாடு உண்டு. இதற்கெல்லாம் கேட்பது சான்றிதழ். வலய, மாகாண, தேசிய மட்டச் சான்றிதழ்களின் பெயர் எழுத்து அடையாள அட்டையோடு ஒத்திருக்கிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். ஐந்து வருசம் கழித்து ஓர் எழுத்தைத் திருத்த அலைவது லேசான காரியமில்லை.