தைராய்டு கம்மியா இருக்குற அம்மாவுக்கு பால் பத்தலன்னா எங்கருந்து ஆரம்பிக்கணும்

பால் பத்தலன்னு சொன்ன உடனே சுத்தி இருக்கறவங்க எல்லாரும் நல்லா சாப்பிடு, கவலைப்படாத, குழந்தைய சரியா புடி, இதான் சொல்லுவாங்க. அதெல்லாம் தப்பில்ல. ஆனா உங்களுக்கு தைராய்டு கம்மின்னா மொதல்ல பாக்க வேண்டியது உங்க ரத்தத்துல இப்போ தைராய்டு அளவு என்ன இருக்குங்கறதுதான். பால் சுரக்க ப்ரோலாக்டின் வேணும், சுரந்த பால் இறங்கி வர ஆக்ஸிடோசின் வேணும், இது ரெண்டும் ஒழுங்கா வேலை செய்ய தைராய்டு ஹார்மோனும் போதுமான அளவு இருக்கணும். அது கொறஞ்சு கெடக்கும்போது ராத்திரி பகலா குழந்தைய மார்லயே வெச்சிருந்தாலும் பால் ஏறாம போகலாம், அதுக்கு நீங்க உங்களையே நொந்துக்காதீங்க.

டெலிவரிக்கு அப்புறம்தான் நெறைய பேருக்கு டோஸ் குழம்பிடுது. கர்ப்பத்துல உடம்புக்கு ஹார்மோன் அதிகமா தேவைப்படும், அதனால டோஸ ஏத்தியிருப்பாங்க, குழந்தை பொறந்ததும் பொதுவா பழைய டோஸுக்கே கொண்டு வந்துட்டு 6 வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பிய வேலை செய்ய தூண்டுற ஹார்மோன்) எவ்வளவு இருக்குன்னு ரத்தத்துல பாப்பாங்க. சிலர் ஏத்தின டோஸையே மாசக்கணக்குல போட்டுட்டு இருப்பாங்க, சிலர் மாத்திரை பால்ல கலந்து குழந்தைக்கு போயிடுமோன்னு பயந்து நிறுத்தியே விட்டுடுவாங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க. லீவோதைராக்ஸின், அதாவது நீங்க போடுற தைராய்டு மாத்திரை, பால்ல ரொம்ப ரொம்ப கொஞ்சம்தான் போகும், உங்க உடம்பு தானா சுரக்க வேண்டிய ஹார்மோனத்தான் மாத்திரையா எடுக்குறீங்க, சரியான அளவுல எடுத்தா குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. பால் ரொம்ப கம்மியா இருந்தா அந்த 6 வாரம் வரைக்கும் காத்திருக்காம இப்பவே டெஸ்ட் எடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. முடி, நகத்துக்குன்னு பயோட்டின் மாத்திரை போடுறவங்க டெஸ்டுக்கு முன்னாடியே அத சொல்லிடுங்க, அது ரிசல்ட்ட தப்பா காட்டும், 2 நாளாவது நிறுத்திட்டு ரத்தம் குடுக்க சொல்லுவாங்க.

மாத்திரைய எப்படி போடுறீங்கங்கறதும் டோஸ் அளவுக்கு முக்கியம். வெறும் வயித்துல தண்ணியோட மட்டும் போட்டுட்டு அரை மணியிலருந்து ஒரு மணி நேரம் வரைக்கும் காபி, சாப்பாடு எதுவும் வேணாம். டெலிவரிக்கு அப்புறம் இரும்பு மாத்திரையும் கால்சியமும் குடுத்திருப்பாங்க இல்லையா, அத இதோட சேத்து ஒரே வாயில போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல சரியா சேராது, 4 மணி நேரம் தள்ளி போடணும். காலைல குழந்தையோட மல்லுக்கட்டுல வெறும் வயிறுங்கறதே நடக்கலன்னா, ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சு படுக்கும்போது போடலாமான்னு கேட்டுப் பாருங்க, பல பேருக்கு அதுதான் ஒத்து வருது.

முன்ன தைராய்டே இல்லாதவங்களும் இத கொஞ்சம் கவனிங்க. குழந்தை பொறந்து ஒரு வருஷத்துக்குள்ள சிலருக்கு தைராய்டு சுரப்பியில அழற்சி வரும், மொதல் சில மாசம் ஹார்மோன் அதிகமாகி படபடப்பு, தூக்கமின்மை இருக்கலாம், அப்புறம் ஒரு 4லருந்து 8 மாசத்துக்குள்ள அப்படியே கீழ இறங்கிடும். நல்லா இருந்த பால் திடீர்னு கொறையுது, அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்கல, மனசே சரியில்லன்னா கைக்குழந்தை இருந்தா அப்படித்தான்னு விட்டுடாம ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க. இன்னொண்ணு, இது அபூர்வம்தான் ஆனா சொல்லியே ஆகணும். பிரசவத்துல ரத்தம் ரொம்ப போய், அதுக்கப்புறம் பாலே வரலன்னா மூளைக்கு அடியில இருந்து டிஎஸ்ஹெச், ப்ரோலாக்டின் எல்லாம் சுரக்குற பிட்யூட்டரி சுரப்பி பாதிச்சிருக்கலாம், அப்போ டிஎஸ்ஹெச் நார்மல் மாதிரியே காட்டலாம், ரத்தத்துல இருக்குற தைராய்டு ஹார்மோனையே அளக்குற ஃப்ரீ டி4 டெஸ்டும் சேத்து பாத்தாதான் தெரியும். ரத்தப்போக்கு ஆனத டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

டோஸ் மாத்தினா மறுநாளே பால் பொங்கிடாது, மாத்திரை உடம்புல நிலைக்க வாரக்கணக்கு ஆகும், மறு டெஸ்டே 6லருந்து 8 வாரம் கழிச்சுதான். அதுவரைக்கும் மார்பு காலியாகிட்டே இருக்கணும், எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். 24 மணி நேரத்துல 8லருந்து 12 தடவை குடுங்க, குழந்தைய சட்டை இல்லாம உங்க நெஞ்சு மேல அடிக்கடி போட்டுக்கோங்க, குடிக்கிற வேகம் கொறையும்போது மார்ப மெதுவா அழுத்தி விடுங்க. குடிச்சு முடிச்சதும் 10, 15 நிமிஷம் பம்ப் பண்ணுங்க, எல்லா தடவையும் முடியாது, நாளைக்கு சில தடவை பண்ணாலும் பிரயோஜனம் இருக்கு. தைராய்டு கம்மியா இருக்குற உடம்பு ஏற்கனவே அசந்து போயிருக்கும், அதனால ராத்திரி ஒரு பம்பிங்க விட்டுட்டு தூங்கணும்னு தோணுச்சுன்னா தூங்குங்க, என்ன கேட்டா அதுல தப்பே இல்ல.

பால் ஊற வைக்கும்னு விக்கிற பவுடர், மூலிகை கேப்ஸ்யூல் எதையும் கேக்காம வாங்காதீங்க, கடல்பாசி கலந்ததுல அயோடின் அளவுக்கு மீறி இருக்கலாம், அது தைராய்ட இன்னும் கெடுக்கும். பால் ஏறும்னு சிலர் போடுற டாம்பெரிடோன் மாத்திரைய டாக்டர் சொல்லாம தொடவே தொடாதீங்க, இதயத் துடிப்புல பிரச்சனை வரலாம். கருத்தடை மாத்திரை கேக்கும்போதும் பால் குடுக்குறேன்னு சொல்லிடுங்க, ஈஸ்ட்ரோஜன் இருக்குறது பால கொறைக்கலாம்.

குழந்தைக்கு பத்துதான்னு அழுகைய வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஈரத்துணியும் எடையும்தான் கணக்கு. 5வது நாளுக்கு மேல தெனம் 6 தடவையாவது நல்லா ஒண்ணுக்கு போகணும், 2 வாரத்துக்குள்ள பொறந்த எடைக்கு திரும்ப வந்துடணும். வரலன்னா மொதல்ல மார்ல குடுத்துட்டு அப்புறம் டாக்டர் சொல்ற அளவு ஃபார்முலாவோ தானமா கெடைக்கிற தாய்ப்பாலோ குடுங்க, வயிறு நெறஞ்ச குழந்தைதான் தெம்பா சப்பும், அந்த சப்பல்தான் உங்க பாலையும் ஏத்தும். எழுப்பினாலும் எழாம தூங்குது, சப்பவே தெம்பில்ல, மஞ்சள் காமாலை 2 வாரம் தாண்டியும் போகலன்னா அன்னைக்கே குழந்தைகள் டாக்டர்கிட்ட காட்டுங்க, பொறந்தப்போ குதிகால்ல ரத்தம் எடுத்து பாத்த தைராய்டு ரிசல்ட் என்னாச்சுன்னும் கேளுங்க, எடுக்கவே இல்லன்னா எடுக்க சொல்லுங்க.