நெல்லை வெயிலில் தொலைநோக்கி ஆடி தேய்க்கும் முறை

அரிசோனாப் பல்கலைக்கழகத்தில், ராட்சத மெகல்லன் தொலைநோக்கிக்காக 8.4 மீட்டர் விட்டமுள்ள ஏழு ஆடிகளை வார்த்திருக்கிறார்கள். சுழலும் உலையில் போரோசிலிக்கேட் கண்ணாடிக் கட்டிகள் ஏறத்தாழ 1165 டிகிரி செல்சியசில் உருகும்போது, சுழற்சியின் விசையே அவற்றுக்குப் பரவளைய வடிவை, அதாவது ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் குழிவை, கொடுத்துவிடுகிறது. அதன்பின் ஆறவிடுவதற்கு மட்டும் சுமார் மூன்று மாதங்கள் ஆகின்றன. பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வீட்டுத் திண்ணையில் 150 மில்லிமீட்டர் ஆடியைத் தேய்ப்பவருக்கும் துல்லியத்தில் சலுகை கிடையாது. ஒளியின் அலைநீளத்தில் மிகச் சிறிய பங்கு அளவுக்குத்தான் பரப்பில் மேடுபள்ளம் இருக்கலாம். அதைக் கெடுப்பதில் கையைவிட வெப்பத்துக்கே பங்கு அதிகம் என்பதால், இங்கே வெப்பத்தைப் பற்றியே மிகுதியாகச் சொல்கிறேன்.

கண்ணாடி வட்டு 25 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி வெப்பத்தில் விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே போரோசிலிக்கேட் விரியும். நம் ஊர் வெயிலுக்கு, செலவு கூடினாலும் அதையே வாங்குவது நல்லது. குவியத் தொலைவை 1200 மில்லிமீட்டராக வைத்துக்கொண்டால், நடுவில் தோண்ட வேண்டிய ஆழம் 1.17 மில்லிமீட்டர்தான். விளிம்பை முதலிலேயே சாய்வாக மழுக்கிவிடுங்கள். கூர்விளிம்பிலிருந்து உதிரும் சில்லு பரப்பைக் கீறிவிடும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வட்டு வார்த்து, அதன்மேல் பீங்கான் ஓட்டுத் துண்டுகளை ஒட்டினால் தேய்ப்பு வட்டு தயார். அதில் 80-ஆம் எண் கார்பொரண்டம் (சிலிக்கன் கார்பைடு) என்னும் உராய்வுத் தூளையும் சிறிது நீரையும் இட்டு, ஆடியை மேலே வைத்து முன்னும் பின்னும் தள்ளுங்கள்; இடையிடையே ஆடியைச் சற்றுத் திருப்பி, நீங்களும் மேசையைச் சுற்றி நகர்ந்தால், மேலுள்ளது குழிந்து கீழுள்ளது குவியும். பிறகு 120, 220, 320, 500 எனத் தூளை நுணுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் வாளி, துணி, கை, நகக்கண் எல்லாவற்றையும் வடிகட்டிய நீரால் கழுவுங்கள். பழைய தூளில் ஒரே ஒரு மணி தங்கினாலும் செய்த வேலையெல்லாம் பாழாகிவிடும். நம் கடற்கரையில் கிடைக்கும் கார்னெட் மணலும் உராய்வுப் பொருள்தான். ஆனால் சீராகத் தரம் பிரிக்காத மணல் இந்த வேலைக்கு ஆகாது. செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று புழுதியோடு இறங்கும் மாதங்களில் நுண்தூள் வேலையைத் திண்ணையிலிருந்து மூடிய அறைக்கு மாற்றிவிடுங்கள்.

மெருகுக்குச் செரியம் ஆக்சைடு என்னும் மெருகுத் தூளும், பிட்ச் என்னும் கறுப்புப் பிசினில் வார்த்த வட்டும் வேண்டும். குளிர்நாட்டுக் கையேடுகள் சொல்லும் பிட்ச் நம் சித்திரை மாதத்தில் இளகி, அந்த வட்டின் முகத்தில் வெட்டிய பள்ளங்களை மூடிவிடும். ரோசின் என்னும் மரப்பிசினைக் கூடுதலாகச் சேர்த்துக் கடினமாக்குங்கள். வேலை செய்யும் அறையின் வெப்பத்தில் நகத்தால் அழுத்தினால் மெல்லிய தடம் மட்டும் விழுவதே சரியான பதம். விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறுமுன் நிறுத்துவதே எனக்குத் தெரிந்த சிறந்த வழி.

இனிச் சோதனை. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858-இல் வகுத்த கத்திமுனைச் சோதனைக்குச் சிறு எல்.இ.டி. விளக்கும் சவர பிளேடும் போதும். ஆடியிலிருந்து, குவியத் தொலைவின் இருமடங்கான 2400 மில்லிமீட்டர் தொலைவில் திரும்பி வந்து குவியும் ஒளியைப் பிளேடு வெட்டும்போது, பரப்பின் மேடுபள்ளங்கள் நிழலாக எழும்பித் தெரியும். ஒருமுறை ஆடியின் பரப்பில் கட்டைவிரலை அரை நிமிடம் வைத்து எடுத்துவிட்டுப் பாருங்கள்: விரல் பட்ட இடம் குன்றுபோல் புடைத்து நின்று, சில நிமிடங்களில் மெல்ல அடங்கும். உடற்சூடே இப்படிச் செய்யுமானால், மெருகிட்ட கையோடு சோதித்தால் எந்த முடிவும் நம்பத்தக்கதாக இராது. ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தியபின் சோதியுங்கள்.

கோள வடிவுக்கும் பரவளையத்துக்கும் இந்த ஆடியின் விளிம்பில் உள்ள வேறுபாடு 0.0003 மில்லிமீட்டர் அளவே. நிழல் எங்கும் ஒரே சீராகப் படரும் கோளத்தை முதலில் அடைந்து, பிறகு மெருகு வட்டின்மேல் ஆடியைத் தள்ளும் வீச்சைச் சற்று நீட்டி நடுவைச் சிறுகச் சிறுக ஆழமாக்குங்கள்; சில நிமிடத் தேய்ப்புக்கு ஒரு சோதனை என்ற ஒழுங்கைத் தளர்த்தாதீர்கள். வடிவம் தேறியபின் வெற்றிடக் கலத்தில் அலுமினியம் பூசும் இடத்துக்கு அனுப்பலாம். திரும்பி வந்த ஆடியில் தூசு படிந்தால் துணியால் துடைக்காமல், காய்ச்சி வடித்த நீரை ஊற்றிக் கழுவிச் சாய்த்து வைத்து உலரவிடுங்கள்.